சிங்க் பொத்தானும் என் கணவரின் காதும்

என் கணவரை நான் ஏமாற்றினேன். ஒருநாள் இருநாள் அல்ல, ஓராண்டுக்கும் மேலாக, மேடைக்கு மேடை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஏமாற்றினேன். அதனால் அவருடைய காது போயிற்று.

சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். உங்களுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு இருக்கக்கூடும். கோடைக்கானலில் ஏதாவதொரு ரிசார்ட் புல்வெளியில், கல்யாண வரவேற்பிலோ கம்பெனி விருந்திலோ, ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியதே தெரியாமல் நீங்கள் ஆடியிருந்தால்... “டிஜே, செம!” என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தால்... அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டவர் அவர். வேலையைச் செய்தது ஒரு மென்பொருள். அதற்குக் கட்டளை கொடுத்தது நான்.

முறையாகச் சொல்கிறேன்.

என் பெயர் செல்வி. பழனி அடிவாரத்தில் பூசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். எல்லோரும் பாட்டின் முதல் வரியைச் சொல்வார்கள், இல்லாவிட்டால் நடிகர் பெயரைச் சொல்வார்கள். ஒருவர் மட்டும் கவுண்டரில் விரலால் தட்டிக் காட்டி, “இந்த வேகத்துல என்னா பாட்டு வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். பைத்தியமோ என்று நினைத்தேன். அந்தப் பைத்தியத்தைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன்!

அவர் யோகராஜ். பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பம். அவருடைய அப்பா சிறுவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வீட்டில் யாருக்கும் இசை தெரியாது. இவருக்கு மட்டும் எப்படி அப்படி ஒரு காது வாய்த்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

டிஜே என்றால் பாட்டுப் போடுகிறவன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாட்டுப் போட யாராலும் முடியும். ஒரு பாட்டு ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாட்டை ஹெட்போனில் தனக்கு மட்டும் கேட்டு, இரண்டின் தாள அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து, யாருக்கும் தெரியாமல் இதிலிருந்து அதற்கு உங்களைக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு இடது காதில் ஹெட்போன், வலது காதில் கூட்டம். கண்களை மூடிக்கொள்வார். சரியாகப் பொருந்தும் நொடியில் நெற்றிச் சுருக்கம் மறையும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் கடை வேலையை விட்டுவிட்டு அவரோடு மேடைகளுக்கு வந்தேன்.

இப்போதெல்லாம் இதைக் கணினியே செய்துவிடும். ‘சிங்க்’ என்றொரு பொத்தான். அமுக்கினால் போதும், மென்பொருள் இரண்டு பாட்டையும் தானே பொருத்திவிடும். அவருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது.

“அது பிட் அடிச்சு பாஸாகுறது, புள்ள. என்னால ஏலாது” என்பார்.

பாட்டுகளைக் கலக்கும் எங்கள் கன்ட்ரோலர் கருவி வந்த அன்றே, அதிலிருந்த சிங்க் பொத்தான்கள்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினார். கை தவறிக்கூடப் படக்கூடாதாம்! லேப்டாப் திரையில் பாட்டின் அலைகள் ஓடும்; அதைக் கண்ணால் பார்த்தும் பொருத்தலாம். அதுவும் அவருக்குக் கௌரவக் குறைவு. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். நான் பாட்டைத் தேடி ஏற்றுவேன், நீங்கள் கொண்டுவரும் விருப்பப் பாட்டுச் சீட்டுகளை வாங்கி வைப்பேன். திரை எனக்கு, காது அவருக்கு. இப்படித்தான் நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

ராபின் என்று ஒரு டிஜே, கோடைக்கானல் டவுன்காரன், எங்களைவிட இளையவன். சிங்க் போட்டுத்தான் வாசிப்பான், அதை மறைக்கவும் மாட்டான். ஏழு ரோட்டுச் சந்திப்பு டீக்கடையில் வைத்து, நாலு பேர் பார்க்க, இவர் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

“ஏலே, ஒன் லேப்டாப்ப மட்டும் அனுப்பிவிட்டா பத்தாதா? நீ எதுக்குடா கூடப் போயி பிரியாணி தின்னுட்டு வர்ற?”

எல்லோரும் சிரித்தார்கள். ராபினும் சிரித்தான். நானும் சிரித்தேன்... கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

இதற்குப் பிறகு வந்த ஒரு சீசனில்தான் அவருக்கு இடது காதில் இரைச்சல் தொடங்கியது. குக்கர் விசில் அடங்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம் உள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறது என்றார். பனிதான் காரணம் என்று பஞ்சை அடைத்துக்கொண்டார். மதுரைக் குடும்பம் ஒன்றின் வரவேற்பு அன்று, மாலை வெயில் இருக்கும்போதே ஆட்டம் சூடுபிடித்துவிட்டது. அவர் அடுத்த பாட்டை ஏற்றினார். இரண்டு தாளங்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தகர டப்பாக்களை மாடிப்படியில் உருட்டிவிட்டதுபோல் ஒரு சத்தம்! ஆடியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் எப்படியோ சமாளித்தார். அடுத்த பாட்டிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும்.

ரிசார்ட் மேனேஜர் என்னைத்தான் தனியே கூப்பிட்டார். “மேடம், சார்ட்ட சொல்லிருங்க. இன்னொரு தடவ இப்படின்னா நாங்க வேற ஆளப் பாத்துக்குவோம்” என்றார்.

நான் இவரிடம் அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வீட்டில் அவர் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “இந்தக் காது திரும்பிருச்சுன்னா முருகனுக்கு மொட்ட போட்டு மலையேறுறேன், புள்ள. எனக்கு வேற எதுவும் வேணாம்.”

அடுத்த நிகழ்ச்சி ஒரு கம்பெனி விருந்து. அவர் கண்களை மூடினார், ஹெட்போனை இடது காதில் அழுத்திப் பிடித்தார், வேகத்தைக் கூட்டினார், குறைத்தார். திரையில் எனக்கு எல்லாம் தெரிந்தது. இரண்டு அலைகளும் தள்ளாடிக்கொண்டிருந்தன. அவர் பொருந்திவிட்டதாக நினைத்து ஒலியை ஏற்றக் கையை வைத்தார். இதோ, மறுபடியும் மானம் போகப்போகிறது. லேப்டாப்பில் அந்த சிங்க் விசையைத் தட்டினேன்.

இரண்டு தாளமும் ஒன்றாய் விழுந்தன. நீங்கள் ஆடினீர்கள்! அவர் கண்களைத் திறந்து, கூட்டத்தைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். நெற்றிச் சுருக்கம் மறைந்திருந்தது. அதற்கு ஈடாக எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது... எதைக் கொடுக்கப்போகிறேன் என்று தெரியாமல்!

அன்று முதல் ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டினேன். அவர் கை எழும்பும் நொடியில் என் விரல் இறங்கும்.

“காது தெளிஞ்சிருச்சு, புள்ள!” என்றார் அந்த மாதத்திலேயே. சொன்னபடி பழனிக்குப் புறப்பட்டார். அடிவாரத்தில் பிறந்தவள் நான். மொட்டைத் தலைகளுக்குப் பூசைத்தட்டு விற்று வளர்ந்தவள். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருக்கு வழக்கு ஜெயித்தது, யார் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தார் என்று கேட்டுக் கேட்டே எங்கள் கடை நடந்தது. அவற்றில் பொய்யும் இருக்கலாம் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. அன்று சந்தனம் பூசிய மொட்டையோடு அவர் எனக்கு முன்னால் படியேறினார், படிக்குப் படி முருகா முருகா என்றார். நான் பின்னால் படிகளை எண்ணிக்கொண்டு ஏறினேன்.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, புருஷன்மேல் உள்ள பாசத்தில் செய்துவிட்டாள், பாவம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி நினைக்க இடம் கொடுத்து நிறுத்திவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் இது ஒப்புதல் வாக்குமூலம் அல்லவா? பூசி மெழுகுவதற்கு என்ன இருக்கிறது!

எனக்கு அது பிடித்திருந்தது.

ஆமாம். பிடித்திருந்தது. சீட்டு வாங்கி வைக்கும் பெண்ணாக, “அக்கா, தண்ணி எங்க இருக்கு?” என்று கேட்கப்படுகிறவளாகவே இருந்த நான், என் ஒற்றை விரலில் ஒரு புல்வெளி முழுவதையும் ஆட்டுவித்துக்கொண்டிருந்தேன். சில சமயம் அவர் தேர்ந்தெடுத்த பாட்டுக்குப் பதில் வேறொன்றை ஏற்றி, “இதுதான நீங்க கேட்டீங்க?” என்பேன். கூட்டம் கத்தும். அவருக்குப் பெருமை, எனக்குக் கள்ளச் சந்தோஷம். மலையின் கடைக்கோடியிலிருக்கும் கிளாவரையிலிருந்துகூடக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். நாள் ஒதுக்க முடியாமல் திரும்ப அனுப்பினோம்.

வீட்டிலும் ஏமாற்றினேன். அவருக்குச் சரியாகக் கேட்காதது அவருக்கே தெரியக்கூடாதே! தொலைக்காட்சியின் சத்தத்தை அவருக்கு முன்பே நான் கூட்டிவைப்பேன், எனக்குக் கேட்கவில்லை என்பேன். நடக்கும்போது அவருடைய வலப்பக்கமாகவே வருவேன். உரக்கப் பேசுவேன். “ஏன் புள்ள இப்படிக் கத்துற? செவிட்டுக் கழுத!” என்று என்னைக் கேலி செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன்.

ராபின்தான் கண்டுபிடித்தான். ஒரு பெரிய கல்யாணத்தில் இரண்டு டிஜே வைத்திருந்தார்கள். பகலில் அவன், மாலையில் நாங்கள். அவன் தன் வயர்களைச் சுருட்டிக்கொண்டே எங்களுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். டேப்பின் ஓரத்தில் சிங்க் விளக்கு லேசாக மினுங்குவதும், என் விரலும்... கையும் களவுமாகப் பிடித்துவிட்டான். இவர் தேநீர் குடிக்கப் போனபோது ஜெனரேட்டர் பக்கம் என்னைக் கூப்பிட்டான். டீக்கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவனுக்குக் கிடைக்குமா?

“அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். சிங்க் போடுறது ஒரு மேட்டரே இல்ல. ஆனா அண்ணனுக்குக் காது சரியில்லதான? அந்தப் பக்கம் நின்னு கூப்புடுறேன், திரும்பவே இல்ல. டாக்டர்ட்ட காட்டுங்க அக்கா, ப்ளீஸ். இவ்ளோ லவுடு ஸ்பீக்கர் பக்கத்துல தெனமும் நின்னா மிச்சமும் போயிரும்.”

“சரி தம்பி, சீசன் முடியட்டும்” என்றேன்.

இன்றுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தன்னைக் கேவலப்படுத்தியவரின் மானத்தை வாய் திறக்காமல் காப்பாற்றிய அந்தப் பையனை நினைக்கும்போதெல்லாம் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் அவன் சொன்னதை நான் கேட்கவில்லையே! சீசன் முடிந்தது. அடுத்து பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள். பிறகு கிறிஸ்துமஸ், புதுவருடம். மருத்துவரிடம் போனால் சோதனை செய்வார்கள், காது திரும்பவே இல்லை என்பது தெரிந்துவிடும், பிறகு எப்படிச் சரியாக வாசித்தேன் என்று இவர் கேட்பார்... என் குட்டு உடைந்துவிடும் என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது. அவர் காது இரண்டாவதாகத்தான் வந்தது.

அடுத்த சீசன் பாதியில் வலது காதிலும் இரைச்சல் வந்துவிட்டது. இனி மறைக்க முடியவில்லை. மதுரைக்குப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தார்கள். மருத்துவர் ஒரு பெண்மணி, நிதானமாகப் பேசினார். இடது காது அநேகமாக முழுதும் போய்விட்டது, வலதில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றார். எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

“போன சீசன் ஆரம்பத்துலங்க. ஆனா நடுவுல சரியாயிருச்சு. ஒரு வருசம் நல்லாவே கேட்டுச்சு, டாக்டர்” என்றார் இவர்.

“நரம்பு போனா அப்படித் தானா திரும்பாதேங்க” என்றார் மருத்துவர்.

“முருகன் குடுத்தாருங்க.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காதுப் படத்தைப் பார்த்தேன். “ஆரம்பத்துலயே வந்து, சத்தத்த விட்டுத் தள்ளி இருந்திருந்தா, வலது காதையாவது முழுசாக் காப்பாத்தியிருக்கலாம்மா” என்று என்னிடம்தான் சொன்னார். இவருக்கு அது கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று வெளியே வந்ததும் கேட்டார். இனிமேல் பத்திரமாக இருக்கச் சொன்னார் என்றேன்.

இப்போது சொல்லுங்கள். மென்பொருள் வைத்து டிஜே செய்வது ஏமாற்று வேலையா? இந்தக் கேள்வியை இணையத்தில் வெட்டு குத்து வரை போய் விவாதிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. கிரைண்டரில் அரைத்த மாவில் இட்லி சுட்டால் அது ஏமாற்றா? சாப்பிட்டவருக்கு வயிறு நிறைந்ததா இல்லையா? ராபின் சிங்க் போட்டான், சொல்லிவிட்டுப் போட்டான். அவன் ஏமாற்றுக்காரன் அல்லன். நீங்கள் ஆடினீர்கள், சிரித்தீர்கள், உங்கள் மாமாவை இழுத்துவந்து ஆடவிட்டீர்கள். உங்களையும் நான் ஏமாற்றவில்லை. ஆனால் கிரைண்டரில் அரைத்துவிட்டு, அம்மியில் உன் கைதான் அரைத்தது என்று ஒருவரை நம்பவைத்தால்? கை சுளுக்கியிருப்பதுகூட அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால்? அதற்கு என்ன பெயர்? எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அந்த மென்பொருள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இன்று எங்கள் அடுப்பு எரிவது அதனால்தான். மதுரையிலிருந்து வந்த மறுவாரமே அவர் கன்ட்ரோலரை எடுத்துவைத்து, ஒட்டியிருந்த டேப்பைத் தன் நகத்தாலேயே உரித்தார். “இனிமே நீயே வாசி, புள்ள. நான் பாட்டுச் சொல்றேன்” என்றார். அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது. சீட்டுகளை இப்போது அவர் வாங்குகிறார், நான் வாசிக்கிறேன். வலது காதுக்குக் கருவி மாட்டியிருக்கிறார், மேடைக்குப் பின்னால் தூரமாகத்தான் உட்காருகிறார். எந்தப் பாட்டுக்குப் பின் எது வந்தால் கூட்டம் எழும்பும் என்று அவருக்கு இன்னும் தெரிகிறது. ராபினை வீட்டுக்குக் கூப்பிட்டு, டீக்கடையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார். ராபின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கவே இல்லை.

நன்றி சொல்ல எனக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்களுக்கு நன்றி. எங்களை அழைத்த வீடுகளுக்கு நன்றி. காது போன பிறகும் என்மேல் ஒருநாளும் எரிந்து விழாத இந்த மனிதரை எனக்குக் கொடுத்ததற்கு நன்றி, அது யார் கொடுத்திருந்தாலும் சரி. உண்மையாகவே சொல்கிறேன், நிறைந்துபோய்த்தான் இருக்கிறேன். அதுதான் தாங்க முடியவில்லை.

அவர் ஆண்டுதோறும் பழனிக்குப் போகிறார். “அந்த ஒரு வருசம் முருகன் எரவலாக் குடுத்தாரு. குடுத்ததுக்கு நன்றி சொல்ல வேணாமா?” என்பார். இந்த முறையும் வெள்ளனே பேருந்து ஏறினோம். நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவேன். அன்று கூட்டம், அவருக்கு இடப்பக்கம்தான் இடம் கிடைத்தது. அவர் சன்னலோரம், வெளியே பார்த்தபடி இருந்தார். வடகவுஞ்சியைத் தாண்டி வண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. பனி இன்னும் விலகவில்லை.

என்ன வந்தது எனக்கு... அந்த இடது காதுக்குப் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்தினேன். சொன்னேன்.

“முருகன் குடுக்கலைங்க. நான்தாங்க தட்டினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் நான்தான். ராபின் அப்பவே சொன்னான், டாக்டர்ட்ட காட்டச் சொல்லி. நான்தாங்க கூட்டிட்டுப் போகல.”

முழுவதும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் மூச்சு கழுத்தில் பட்டதோ என்னவோ, திரும்பினார். உடம்பையே திருப்பி, கேட்கிற காதை என் வாய்க்கு நேரே கொண்டுவந்து கொடுத்தார்.

“என்னா புள்ள, எதாச்சும் சொன்னியா?”

சொல்லியிருக்கலாம். அந்தக் காது அவ்வளவு பக்கத்தில் இருந்தது!

“குளிருதுங்க” என்றேன்.

தன் மப்ளரைக் கழற்றினார். என் தலையைச் சுற்றி, இரண்டு காதையும் மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டார்.

“காதப் பத்தரமாப் பாத்துக்கணும், புள்ள” என்றார். “ஒனக்கும் போயிருச்சுன்னா, அப்புறம் நான் யாரக் கேக்குறது?”

சரிங்க என்றேன்.